கனகசுந்தரம் அளந்த ஒரு கலன்

எழுபத்துநாலாம் ஆண்டு பெற்றோல் விலை ஒரே பாய்ச்சலில் ஏறியபோது, திருகோணமலைக் கிழக்குக்கரை லொறிச் சங்கத்தின் ஒன்பது லொறிகளில் நாலு கராச்சுக்குள்ளேயே நின்றுவிட்டன. மற்ற ஐந்தும் கிண்ணியா நெல்லையும் புல்மோட்டைக் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு கண்டிப் பக்கம் போய்வந்தன. திரும்பி வருகிற ஒவ்வொரு லொறியும் எத்தனை மைலுக்கு எத்தனை கலன் பெற்றோல் குடித்தது என்று விசாரிப்பதுதான் சங்கக்காரருக்கு முதல் வேலை. சாரதியைச் சாப்பிட்டாயா என்று கேட்பதெல்லாம் பிறகுதான்.

அந்த நேரம் பார்த்து, பெற்றோல் மிச்சம் பிடிக்கும் வித்தைகளும் ஊருக்குள் வரத் தொடங்கின. பெற்றோல் குழாயில் கட்டுகிற காந்தம், தாங்கிக்குள் போடுகிற வில்லை, பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேற்றருக்கு நீராவி ஊட்டுகிற போத்தல் என்று கொழும்பிலிருந்து ஒவ்வொருத்தனும் ஒவ்வொன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தான். சங்கச் செயலாளர் தங்கத்துரை எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"கராச்சிலை கனகு நிக்கிறான். அவன் ஒரு கலனை அளந்து ஓடிப் பாக்கட்டும். அவன் ஓம் எண்டா ஓம். இல்லையெண்டா நீர் அடுத்த ரயிலிலை ஏறலாம்."

கனகு என்ற கனகசுந்தரத்துக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பதினெட்டு வயதில் வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்து மோட்டார்ப் பகுதியில் சேர்ந்தவர். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் கப்பலேறியபோது முதல்தர மெக்கானிக் என்ற சான்றிதழோடு வெளியே வந்தார். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு விறாந்தையில் மாட்டியிருந்தார். தளத்தில் அவர் படித்த பாடங்களில் அவருக்கு மிகவும் பிடித்தது அளக்கிற பாடம்தான்.

அவர் அளக்கிற முறையைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். லொறியின் தாங்கியிலிருந்து வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, சரியாக ஒரு கலன் பிடிக்கிற தகரத்தைச் சாரதிக்குப் பக்கத்தில் கட்டி, அதிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் கொடுப்பார். பாரத்துக்கு அறுபது மூட்டை மணல். எஞ்சினை முதலில் சூடாக்குவார். ஆறு ரயருக்கும் காற்றைத் தன் கையாலேயே பார்த்து வைப்பார்; வேறு ஆளை அதில் தொடவிடமாட்டார். சாரதி எப்போதும் கிண்ணியா மஹ்ரூப். தெரு எப்போதும் கண்டி வீதி. போகும்போது எதிர்க்கிற கச்சான் காற்று வரும்போது பின்னால் தள்ளும் என்பதால், போக ஒரு கலன், இருபது மைல் தள்ளியிருந்து திரும்பி வர ஒரு கலன். எஞ்சின் இருமி நிற்கிற இடத்தில் குதித்து, கடைசி மைல்கல்லிலிருந்து அடி வைத்து அளப்பார். ஒரு வித்தையும் இல்லாமல் சும்மா ஓடினால், அவர் அளக்க எடுக்கிற பழைய பெட்போர்ட் லொறிக்குப் பத்தரை மைல். கப்பல்துறை என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நின்றுவிடும்.

காந்தம் கட்டி ஓடினார்: பத்தரை. வில்லை போட்டு ஓடினார்: அதே பத்தரை. நீராவிப் போத்தலோடு பத்தேகாலில் நின்றது.

"வயிறு முட்டத் தண்ணி குடிச்ச மாடு எங்க ஓடும்?" என்றார் மஹ்ரூப்.

போத்தல்காரன் சண்டைக்கு வந்தான். கனகசுந்தரம் அவனை மைல்கல்லடியில் கொண்டுபோய் நிறுத்தி, "நீரே நடந்து அளந்து பாரும்" என்றார். அவன் வெயிலைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கனகு அளந்தால் மறு அளவை இல்லை என்ற பேச்சு துறைமுகத்தைச் சுற்றிப் பரவியது. அதைக் கேட்கக் கேட்க அவருக்கு நடையே மாறிவிட்டது.

அதே கராச்சில் குலசிங்கம் என்று இன்னொரு மெக்கானிக் இருந்தான். சல்லி என்ற ஊர்க்காரன், முப்பத்துநாலு வயது. மீன்பிடி வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்தித் திருத்தித் தொழில் பழகியவன். சான்றிதழ் என்று ஒரு துண்டுத்தாள் கையில் இல்லை. மூன்று வருசத்துக்கு முன்னர் அவனைச் சேர்க்கும்படி சங்கத்தில் சொன்னதே கனகசுந்தரம்தான். அந்த நினைப்பு இப்போது அவருக்குக் கண்ணில் விழுந்த மணல்போல உறுத்தியது. சிக்கலான பழுது வந்தால் சாரதிமார் அவரைத் தாண்டிப்போய் அவனிடம் கேட்டார்கள். அவனும் எண்ணெய்க் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வருவான். அந்தச் சிரிப்பில் பெருமை ஒரு சொட்டுக் கிடையாது. இருந்திருந்தாலாவது அவர் அவனை மனம்விட்டு வெறுத்திருப்பார்.

வீட்டிலும் அவருக்கு நிம்மதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ சாமான் கொடுக்க வந்த குலசிங்கம், குசினியில் புகைத்துக்கொண்டிருந்த மண்ணெண்ணெய் அடுப்பைக் கண்டு, குந்தியிருந்து திருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கனகசுந்தரம் கடையிலிருந்து வந்ததும் மனைவி இரத்தினேஸ்வரி ஓடிவந்து சொன்னா.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளையின்ரை கையிலை என்னதான் இருக்கோ தெரியாது. நீங்கள் ரெண்டு கிழமையாப் பாக்கிறன், பாக்கிறன் எண்ட அடுப்பை, குடுத்த தேத்தண்ணி ஆறமுந்தித் திருத்திப்போட்டான்."

அன்றைக்குக் காய்ச்சிய மீன்குழம்பை அவர் பாதியில் தள்ளிவைத்தார். உப்புக் கூடிப்போச்சு என்றார். உப்பு அளவாகத்தான் இருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள் குலசிங்கம் ஒரு வட்டமான கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். சீனன்குடா விமானத்தளத்தில் உடைத்து விற்ற யுத்தகாலத்து விமானம் ஒன்றில் எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டிய கருவி அது. பழைய இரும்புக் கடையில் எடுத்திருக்கிறான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள், முள்ளைச் சுற்றி இலக்கங்கள். பெட்போர்ட்டின் எஞ்சின் காற்றை இழுக்கிற குழாயில் துளை போட்டு, மெல்லிய செப்புக் குழாயால் அதை இணைத்து, சாரதியின் கண்ணுக்கு நேரே பூட்டினான்.

"கனகண்ணை, இதைப் பாருங்கோ. காலை அமத்தினா முள்ளு ஏறுது. மெல்லப் பிடிச்சா இறங்குது. இஞ்சை சிவப்புக் கோடொண்டு போட்டிருக்கிறன். றைவர் கோட்டைத் தாண்டாமல் ஓடினாக் காணும்."

"அதாலை என்ன வரும்?"

"பெற்றோலை வீணாக்கிறது எஞ்சின் இல்லை அண்ணை. எங்கட கால்தான்."

கனகசுந்தரம் கருவியைக் குனிந்து பார்த்தார். முப்பது வருசமாக அவர் காபரேற்றரைக் கழற்றினார், பூட்டினார், துளையைச் சின்னதாக்கினார், தீப்பொறியின் நேரத்தை முன்னும் பின்னும் தள்ளினார். சாரதியின் காலைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. வள்ளத்தில் மீன் நாற்றத்துக்குள் தொழில் பழகிய ஒருத்தன், பழைய இரும்புக்குள் கிடந்த ஒன்றை எடுத்துவந்து, ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

"ம். பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். கழுவின கையையே திரும்பவும் கழுவினார்.

அன்று பின்னேரம் இறங்குதுறைக்கு நெல் ஏற்றிப்போன மஹ்ரூப்புக்குப் பக்கத்தில் அவரும் ஏறி இருந்தார். முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போதெல்லாம் மஹ்ரூப்பின் கால் தானாகவே இளகியது. எஞ்சின் சத்தம் தணிந்து, ஒரே சுருதியில் போனது. ஒரு கலனை அளக்காமலே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. அந்த விடை அவருக்குள் நெருப்பாய்ப் பற்றியது.

மேலும் எண்ணெய் வார்த்தவர் தங்கத்துரை. "கனகு, வெள்ளிக்கிழமை ஓடிப் பார். இது சரிவந்தா குலசிங்கத்தையும் உன்னைப்போலப் போர்மனாப் போடவேணுமெண்டு கொமிற்றியிலை கதை நடக்குது. உனக்குச் சந்தோசம்தானே? நீ கொண்டுவந்த ஆள்."

"ஏன், நல்லதுதானே" என்றார் கனகசுந்தரம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மஹ்ரூப் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். குலசிங்கம் சாப்பிடப் போயிருந்தான். மணல் மூட்டையோடு லொறி வேப்பமர நிழலில் நின்றது. கனகசுந்தரம் காற்று அளக்கிற கோலோடு குனிந்து பின்பக்கத்துக்குப் போனார். பின்னால் இரட்டை ரயர். உள்ரயர் வெளியே தெரியாது. முதலாவது உள்ரயரின் வாயை அமத்தினார். காற்று சீறிக்கொண்டு வந்தது. கொஞ்சம்தான் என்று நினைத்தார். கை விலகவில்லை. அடுத்த பக்கத்து உள்ரயரிலும் அப்படியே. பிறகு வெளிரயர்களிலும், பார்த்தால் தெரியாத அளவுக்கு. காற்று இறங்கிய ரயர் தெருவோடு ஒட்டி உருளும், பெற்றோலைத் தின்னும். அது அவர் மற்றவர்களுக்கு ஆயிரம் தரம் சொல்லிக்கொடுத்த பாடம். நிமிர்ந்து கோலைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அன்றைய ஓட்டத்தில், போக வர இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால், பத்தேமுக்கால் வந்தது.

"கால் மைல் கூட. காத்துத் திரும்பினாலே அவ்வளவு வரும். இதாலை பிரயோசனமில்லை" என்று அவர் கொமிற்றியில் சொன்னார். குலசிங்கம் எழும்பிக் கத்துவான், சண்டை பிடிப்பான் என்று காத்திருந்தார். அதற்கு அடுக்கிக்கொடுக்கப் பதில்களும் வைத்திருந்தார். அவன் எழும்பினான்.

"கனகண்ணை அளந்தாப் பிழைக்காது. என்ரை எண்ணம்தான் எங்கேயோ பிழைச்சிட்டுது" என்று சொல்லிவிட்டு இருந்தான்.

அன்று பின்னேரமே கருவியைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டான். முகம் வாடியிருந்ததுதான், ஆனால் அடுத்தநாள் காலையில் அதே சிரிப்போடு வந்தான். தோற்றவனுக்கு ஒரு கிழமையாவது முகம் கோணவேண்டாமா? அதைப் பார்க்கவும் கனகசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் மஹ்ரூப் அவரைத் தனியாக இறங்குதுறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"பாஸ், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. வெள்ளிக்கிழமை லொறி பின்னால பஞ்சு மெத்தையில போற மாதிரி ஆடிச்சு. இருபது வருசமா வளைவு எடுக்கிறன். எனக்குத் தெரியாதா?"

கனகசுந்தரம் கடலைப் பார்த்தார். "உமக்கு என்ன வேணும், மஹ்ரூப்?"

"எனக்கு என்ன வேணும்? ஒண்டும் வேணாம். யாருட்டயும் சொல்லவும் மாட்டன். ஆனா பாஸ், இனி நீங்க அளக்கக்குள்ள என்னை ஓட்டக் கூப்பிடாதீங்க."

கேட்டது ஒரு மன்னிப்போ ஒரு பேரமோ என்றால் அவர் எப்படியாவது சமாளித்திருப்பார்.

இதற்கிடையில் மூதூரிலிருந்து இரண்டு லொறி முதலாளிமார் வந்து, அப்படியொரு கருவியைத் தாங்களும் வாங்க யோசிப்பதாகச் சொன்னார்கள். தங்கத்துரை கைவிரித்தார். "வேண்டாம், காசைக் கொட்டாதேங்கோ. எங்கட கனகு அளந்து பாத்தவன்." அவர்கள் தலையாட்டிக்கொண்டு போனார்கள். பொய் தோணி ஏறி மூதூருக்கும் போய்விட்டது.

அதைவிடக் கனகசுந்தரத்தை வாட்டியது வேறொன்று. குலசிங்கம் மத்தியானங்களில் கராச்சுச் சுவரில் சோக்கால் படம் கீறி, அழித்து, திரும்பக் கீறிக்கொண்டிருந்தான். எதிலே பிழைத்தேன் என்று தேடினான். "ஏன் அண்ணை வரேல்லை? காலை மெல்லப் பிடிச்சாக் குறையத்தானே வேணும்? எனக்கு இது விளங்கேல்லை" என்று அவரையே வந்து கேட்டான். ஒருமுறை, "நான் படிக்காதவன்தானே, பெரிய கதை கதைச்சுப்போட்டன்" என்றும் சொன்னான். நல்ல தொழில்காரன் ஒருத்தன் சரியான ஒன்றைப் பிழையென்று நம்பித் தன் மூளையையே சந்தேகப்படுகிறான். அவனைவிடத் தான் கெட்டிக்காரன் என்று நிறுவத்தான் கனகசுந்தரம் காற்றை இறக்கினார். இப்போது அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது, இந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தால் தான் மெக்கானிக்கே இல்லை என்று பட்டது.

ஐந்தாம் கிழமை ஒரு பின்னேரம், மற்றவர்கள் போனபிறகு, சொன்னார்.

"குலம், உன்ரை முள்ளுச் சரி. உன்ரை கணக்கும் சரி. அண்டைக்கு நான்தான் ரயரிலை காத்து இறக்கினனான்."

குலசிங்கம் சோக்கைக் கையில் வைத்தபடி அவரைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"என்னை ஆறுதல்படுத்த உங்கட பேரையே கெடுக்கப் பாக்கிறியளே அண்ணை. நீங்களாவது, அப்பிடிச் செய்யிறதாவது!"

"உண்மையாத்தான் சொல்லுறன்."

"விடுங்கோ அண்ணை. நான் கவலைப்படேல்லை. நீங்கள் என்னிலை வைச்ச அன்பு எனக்குக் காணும்."

அவன் அப்படிச் சொன்னபோது கனகசுந்தரத்துக்கு அவன் கன்னத்தில் அறையவேண்டும்போல் இருந்தது. எவ்வளவு நல்லவனாக இருந்து தன்னைக் கொல்கிறான்! சொன்னாலும் நம்பமாட்டான் என்றால், காட்டித்தான் ஆகவேண்டும். நேரே தங்கத்துரையின் வீட்டுக்கு நடந்தார்.

"அந்தக் கருவியைத் திரும்ப ஓடிப் பாக்கவேணும். கொமிற்றி முழுக்க வரவேணும். ரயர்க் காத்தைக் குலசிங்கம் பாக்கட்டும். நான் தொடமாட்டன்."

"ஏன் கனகு? அளந்தாச்சுத்தானே?"

"அளவு பிழை" என்றார்.

அடுத்த புதன்கிழமை ஓடினார்கள். விசயத்தைக் கேள்விப்பட்ட மஹ்ரூப், கூப்பிடாமலே வந்து ஓட்டுகிற இடத்தில் ஏறினார். கனகசுந்தரம் பக்கத்தில் இருந்தார். கொமிற்றிக்காரர் பின்னால் ஒரு காரில் வந்தார்கள். கப்பல்துறை வந்தது, போனது. வழமையாக நிற்கிற இடமும் போனது. முள் கோட்டுக்குக் கீழே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கனகசுந்தரம் தகரத்துக்குள் மிச்சமிருந்த பெற்றோலைப் பார்த்தார். ஒரு மைல்கல், இன்னொரு மைல்கல். உண்மையைக் காட்ட வந்த மனிதர்தான். ஆனாலும், நின்றுவிடு, இங்கேயே நின்றுவிடு என்று மனதுக்குள் அந்த எஞ்சினைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். பாவத்தைச் சொல்ல முடிந்ததே தவிர, பொறாமையை இறக்கிவைக்க முடியவில்லை.

போக வரக் கூட்டிப் பாதியாக்கினால் பன்னிரண்டரை வந்தது.

தெருவோரத்தில் நின்று தங்கத்துரை இரண்டு தரம் அடி வைத்து அளக்கச் சொன்னார். பிறகு கனகசுந்தரத்தின் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு எப்பிடியடா பத்தேமுக்கால் வந்தது?"

"நான் ரயரிலை காத்தை இறக்கிவிட்டுத்தான் ஓடினனான்."

"ஏன்?"

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொய்க் காரணங்கள் இரண்டு மூன்று நாக்கு நுனிவரைக்கும் வந்தன. "எரிச்சல்" என்றார். "இது என்ரை மூளைக்கு வரேல்லையே எண்ட எரிச்சல்."

குலசிங்கத்தின் முகத்தில் சிரிப்பு மெதுவாக வற்றியது. இப்போதுதான் அவன் நம்பினான். லொறியில் ஏறாமல், கண்டி வீதியால் நகரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினான். மஹ்ரூப் பின்னால் போய்க் கூப்பிட்டும் நிற்கவில்லை. நல்ல தூரம் போனபிறகு ஒரு பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் சொன்னார்கள்.

கனகசுந்தரத்தை வேலையால் நிறுத்தவில்லை. அளக்கிற பொறுப்பை மட்டும் எடுத்துக் குலசிங்கத்திடம் கொடுத்தார்கள். அவனைப் போர்மனாகவும் போட்டார்கள். ஊரில் இருந்த பழைய இரும்புக் குவியல்களையெல்லாம் கிளறி, அந்த வகைக் கருவி இன்னும் நாலு எடுத்து, ஓடுகிற லொறி ஐந்துக்கும் பூட்டினார்கள். மூதூர்க்காரரும் வந்தார்கள், மட்டக்களப்புக்காரரும் வந்தார்கள். கராச்சு வாசலில் நின்று, "குலசிங்கம் பாஸ் எவர்?" என்று கனகசுந்தரத்தைத்தான் கேட்பார்கள். "உள்ளுக்கு நிக்கிறார்" என்று கையைக் காட்டுவார். கை காட்டுகிற ஒவ்வொரு தரமும் உள்ளே ஒன்று கடிக்கும்.

சந்தையில் கேள்விப்பட்டு வந்த இரத்தினேஸ்வரி இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை உங்களை அண்ணை எண்டுதானே கூப்பிட்டவன்" என்று மட்டும் சொன்னா. இப்போது அவன் அப்படிக் கூப்பிடுவதில்லை. தேவைப்பட்டால், "மிஸ்டர் கனகசுந்தரம், அந்தப் பின் அச்சைப் பாருங்கோ" என்பான். மரியாதையாகத்தான் சொல்வான். ஒரே கூரைக்குக் கீழே நாலு வருசம் அப்படியே போனது.

எழுபத்தெட்டில் குலசிங்கம் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போனான். பஸ் நிலையத்துக்குக் கராச்சே திரண்டு போனது. கனகசுந்தரமும் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றார். அவன் அவரைக் கண்டு தலையாட்டினான்.

அடுத்த வருசம் தங்கத்துரைக்கு அவனிடமிருந்து நீளமான கடிதம் வந்தது. தங்கத்துரை அதைக் கராச்சில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்தார். அங்கே காபரேற்றரே இல்லாத எஞ்சின்கள் வந்திருக்கின்றனவாம். பெற்றோலைப் பம்பி, அளவாகச் சொட்டுச் சொட்டாய்ப் பீச்சுகின்றனவாம். லொறிக்குக் கீழே படுத்திருந்த கனகசுந்தரத்தின் ஸ்பானர் நின்றுவிட்டது. காபரேற்றர் இல்லாத எஞ்சினை அவன் கண்ணால் பார்க்கிறான், கையால் தொடுகிறான். நான் இங்கே இந்தப் பழைய பெட்போர்ட்டின் கிறீசை முகத்தில் வாங்கிக்கொண்டு கிடக்கிறேன். அந்தப் பழைய நெருப்பு அப்படியே எழும்பியது. ஆனால் எவ்வளவு பீச்சவேண்டும் என்று அந்த எஞ்சினுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி அதைவிட வேகமாக எழும்பியது.

வெளியே ஊர்ந்து வந்து, "அந்தக் கடிதத்தை ஒருக்காத் தாங்கோ" என்று வாங்கிப்போனார். நாலு நாள் வீட்டில் வைத்து வாசித்தார். பிறகு தானே ஒரு கடிதம் எழுதினார். சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. மன்னிப்பு எழுதத் தொடங்கி அந்தத் தாளைக் கிழித்தார். கடைசியில் அந்தக் கேள்வியை மட்டும் எழுதிப் போட்டார்.

மறுமொழிக்கு ஒன்றரை மாதம் ஆனது. தங்கத்துரைக்கு வந்த உறைக்குள் அவர் பெயரெழுதிய தாளொன்று தனியாக மடித்திருந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. நேரே விசயத்திலே தொடங்கியிருந்தான். எஞ்சின் இழுக்கிற காற்றின் அளவைப் பார்த்துத்தான் அது பெற்றோலை விடுகிறது என்று எழுதி, கீழே பக்கம் முழுக்கப் படம் கீறி, ஒவ்வொரு பகுதிக்கும் அம்புக்குறி போட்டிருந்தான்.

கனகசுந்தரம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடுகள் சுத்தமாக, அளவு பிசகாமல் இருந்தன. தன்னால் இப்படிக் கீற ஏலாது என்று பொருமினார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலாவது அம்புக்குறியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.